இதயத்தின் மீது சுமத்திய பழி



வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, தேர்வு என்றே எழுதி வந்திருக்கிறேன். இன்று எழுதப்போவது மலையைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் ஆகும். மருத்துவம் என் துறையன்று. வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டுமே எனக்கு உண்டு. ஆயினும் இதனை எழுதியே ஆக வேண்டும். நான் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதி விடுமுறையில், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் பன்னிருவரும் பெற்றோர் நால்வரும் நானுமாகச் சபா மாநிலத்தின் கினபாலு மலைக்குச் சென்றோம். மாலையில் கோத்தா கினபாலு நகரில் விமானம் இறங்கியது. அன்றிரவு கடற்கரையில் மீன் உண்டு, நேரங்கழித்து உறங்கினோம். மறுநாள் விடியலில் வேன் ஏறி, 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலை அடைந்து நடக்கத் தொடங்கினோம். மாலை நான்கு மணிக்கெல்லாம் 3,272 மீட்டர் உயரத்திலுள்ள பானாலாபான் தங்கும் விடுதிக்கு வந்துவிட்டோம். முதலில் வந்தவன் படிவம் நான்கில் பயின்ற ஒரு மாணவன். தன் பள்ளியின் காற்பந்துக் குழுவில் முன்கள ஆட்டக்காரன். வழியெல்லாம் ஓடியே ஏறினான். எங்கள் டூசுன் இன வழிகாட்டி, "பெலான்-பெலான், டிக்" என்று அவனை மும்முறை அழைத்துச் சொன்னார். மெதுவாக, தம்பி, என்பது பொருள். அவன் சிரித்துவிட்டு மேலே ஓடினான். நானும் அவனைக் கைதட்டி ஊக்கப்படுத்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு அவன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தலைவலி, குமட்டல். "சார், நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுல கேக்குது" என்றான். வழிகாட்டி விரல்நுனியில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்து பார்த்தார். படுத்திருக்கும் நிலையிலேயே நாடித்துடிப்பு 112. உயிர்வளி அளவு 86 விழுக்காடு. பின்னிரவு இரண்டு மணிக்கு மற்றவர்கள் சிகரத்திற்குப் புறப்பட்டபோது அவன் புறப்படவில்லை. ஒரு பெற்றோர் துணையிருக்க, காலையில் வழிகாட்டியோடு கீழிறங்கினான். திம்போஹோன் வாயிலுக்கு வந்தபோது அவனுக்குப் பசித்தது. இரண்டு தட்டு மீகோரேங் உண்டதாகப் பின்னர் அறிந்தேன்.

அன்று மாலை அவன் தந்தையிடம் தொலைபேசியில் பேசிய நான், "பையனுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம் போலிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அந்தச் சொல்லைத்தான் குறிப்பிட்டேன்.

குடும்பத்தார் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். இதயத்தின் மின்பதிவு எடுத்தனர். இதய ஒலிப்படமும் எடுத்தனர். யாவும் இயல்பாக உள்ளன என்றார் மருத்துவர். ஆனால் அவனுடைய அம்மா நம்பவில்லை. "மெஷின் ஏதாவது சொல்லலாம் சார், நீங்க நேர்ல பாத்தவங்க" என்றார். ஆசிரியர் சொல்லுக்கு நம் சமூகத்தில் உள்ள மதிப்பு சில வேளைகளில் அச்சமூட்டக்கூடியது. அதன்பின் அவன் காற்பந்து ஆடவில்லை. இடைநிலைப்பள்ளியின் கடைசி இரண்டாண்டுகள் திடலின் ஓரத்தில் அமர்ந்து புள்ளிக்கணக்கு எழுதினான்.

இதைக் கேள்விப்பட்ட பின்பே நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. நான் செய்த தவறு எனக்கு மட்டும் உரியதன்று. மலையேறியவர் மூச்சுத் திணறியபோது இதயத்தின் மீது பழி போடுவது நெடுங்காலம் மருத்துவ உலகமே செய்து வந்த தவறு.

மலை உயர்ந்தால் உடல் கெடும் என்பது பழைய செய்தி. கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன அரசவையில், மேற்குத் திசைத் தூதுப் பயணத்தின் இடர்களை எடுத்துரைத்த ஓர் அதிகாரி பெரிய தலைவலி மலை, சிறிய தலைவலி மலை என இரு மலைகளைக் குறிப்பிட்டதாக ஹான் வரலாற்று நூலில் பதிவு உள்ளது. பெயர் வைத்தவர் அனுபவசாலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தென்னமெரிக்காவின் பெருவில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஹோசே டி அக்கோஸ்டா, பரியாகாகா என்னும் மலைக்கணவாயைக் கடக்கையில் தமக்கும் உடன் வந்தோர்க்கும் ஏற்பட்ட கொடிய வாந்தியையும் மயக்கத்தையும் 1590 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் எழுதினார். அங்குள்ள காற்று மனிதர் மூச்சுவிடத் தகாத அளவுக்கு நுண்மையானது என்று அவர் கருதினார். காற்றுக்கு எடை உண்டு என்பதே ஐரோப்பியர்க்குத் தெளிவாகத் தெரியாத காலம் அது. பாதரச அழுத்தமானியைத் தொரிசெல்லி வடிவமைத்ததும், பிரான்சில் ஒரு மலையுச்சிக்கு அதைக் கொண்டுசென்று பாதரசம் தாழ்வதைக் கண்டதும் 1640-களில்தான் நிகழ்ந்தன.

இதயத்தை மலையுச்சியில் எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் செனீவாவைச் சேர்ந்த அறிஞர் ஒராஸ் பெனெடிக்ட் டி சோசூர். 1787 ஆகஸ்டு 3 ஆம் நாள், வழியில் இரண்டு இரவுகள் தங்கி, மோன் பிளாங் சிகரத்தை அடைந்தார். நெடுநாள் கனவு நிறைவேறிய அந்த வேளையில் அவர் செய்தது என்ன தெரியுமா? அழுத்தமானியை நிறுத்தினார், நீரைக் கொதிக்க வைத்தார், தம்முடைய நாடியையும் உடன் வந்தவர்களின் நாடியையும் எண்ணினார். அடிவாரத்துச் சாமொனி ஊரில் ஓய்வில் 72 ஆக இருந்த அவருடைய நாடி, உச்சியில் சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின்னும் ஏறத்தாழ 100 ஆக இருந்தது. நடக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் இதயம் ஓடுகிறது என்பதை எண்களால் எழுதி வைத்தார். விரல்நுனிக் கருவியில் நான் கண்டதும் அதுவேதான். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒன்றை நான் நோய் என்று எண்ணிவிட்டேன்.

ஏன் ஓடுகிறது? இதற்கு விடை கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பால் பெர். உள்ளே ஆள் அமரக்கூடிய இரும்பு அறை ஒன்றைச் செய்து, அதிலிருந்து காற்றை வெளியேற்றி, மலையேறாமலேயே மலையை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். தாமே உள்ளே அமர்ந்தார். அழுத்தம் குறையக் குறைய நாடி விரைந்தது. பையிலிருந்த உயிர்வளியை உள்ளிழுத்ததும் நாடி தணிந்தது. உடலைத் துன்புறுத்துவது அழுத்தக் குறைவு அன்று, அதனோடு சேர்ந்து குறையும் உயிர்வளியே என்று 1878 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் நிறுவினார். காற்றில் உயிர்வளியின் பங்கு எவ்வுயரத்திலும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். மலையில் காற்று முழுவதுமே நெகிழ்ந்து போவதால், ஒவ்வொரு மூச்சிலும் வரும் உயிர்வளி குறைகிறது. கினபாலுவின் 4,095 மீட்டர் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. பாடநூலில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் 21 விழுக்காடு மாறாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நலம். உச்சியில் உயிர்வளியின் விழுக்காடு குறைகிறது என்று எழுதும் மாணவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

குறைவை முதலில் அறிவது இதயமன்று. கழுத்துத் தமனியின் கிளைப்பிரிவில் அரிசிமணி அளவே உள்ள ஒரு சிறு திசு, குருதியின் உயிர்வளியைச் சுவைத்துப் பார்த்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இதைக் குறித்த ஆய்வுக்காகப் பெல்ஜியத்தின் கோர்னேய் ஹேமன்ஸ் 1938 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். செய்தி சென்றதும் மூச்சு ஆழமாகிறது, நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன. ஒரு துளிக் குருதி சுமக்கும் உயிர்வளி குறைந்துவிட்டதால், இதயம் அதிகத் துளிகளை அனுப்பிக் கணக்கைச் சரிசெய்கிறது. பால் குறைந்த நாளில் வீட்டுக்காரர் கடைக்கு இருமுறை நடப்பதைப் போன்றது இது. நடப்பவரைப் பலவீனர் என்று யாரும் சொல்வதில்லை.

சில நாள் அங்கேயே தங்கினால் உடல் வேறு வழிகளைக் கண்டுபிடித்துக் கொள்கிறது. மூச்சு மேலும் ஆழமாகிறது. சிறுநீராகச் சற்று நீரை வெளியேற்றிக் குருதி அடர்கிறது. வாரங்கள் செல்லச் செல்லச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இதயத்தின் ஓட்டமும் ஓரளவு தணிகிறது. இதற்கெல்லாம் நாள் வேண்டும்.

நாள் கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1875 ஏப்ரல் 15 ஆம் நாள் 'செனித்' என்னும் வளிக்கூண்டில் மூவர் பாரிசிலிருந்து வானேறினர். சில மணி நேரத்திலேயே 8,000 மீட்டரைத் தாண்டினர். பால் பெர் தந்த உயிர்வளிப் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கின. அவற்றை எடுக்கக் கை எழவில்லை. எடுத்துச் செல்லும் உயிர்வளி போதாது என்று பெர் எழுதிய கடிதம் அவர்களைச் சென்றடையுமுன் கூண்டு புறப்பட்டுவிட்டது. குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் இருவரும் இறந்தனர். திசாந்தியே ஒருவர் மட்டும் உயிரோடு தரையிறங்கினார்.

1924 ஜூன் 4 ஆம் நாள், எட்வர்ட் நார்ட்டன் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,570 மீட்டர் உயரத்தை உயிர்வளிப் புட்டி இல்லாமல் நடந்தே அடைந்தார். அவருக்குச் சற்றுக் கீழே, தொண்டை கெட்டு மூச்சுக்குத் திணறியவாறு அமர்ந்திருந்தார் அவருடைய தோழர் ஹோவர்ட் சாமர்வெல். இருவரும் உயிரோடு திரும்பினர். இவர்கள் வளிக்கூண்டில் சென்றவர்களைக் காட்டிலும் பெரிய இதயம் படைத்தவர்கள் அல்லர். மார்ச் மாத இறுதியில் டார்ஜிலிங்கை விட்டுப் புறப்பட்டு, திபெத்தின் மேட்டுநிலத்தில் வாரக்கணக்கில் நடந்து, இரண்டு மாதத்திற்கும் மேலாக உடலைப் பழக்கியவர்கள். இந்தச் சாமர்வெல் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். அறுவை மருத்துவரான அவர், அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். எவரெஸ்டின் தோள்வரை சென்ற கைகள் நெய்யூரின் ஏழைகளுக்கு அறுவை செய்தன என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி ஏற்பட்டது. அதனால்தான் பொருளிலிருந்து சற்று விலகினேன்.

இனிப் பழியின் கதைக்கு வருகிறேன்.

மலையில் பலருக்கும் வருவது தலைவலியும் குமட்டலும். சிலருக்கு மட்டும், பெரும்பாலும் இரண்டாம் இரவில் அல்லது அதற்குப் பின், வேறொன்று வருகிறது. மூச்சு இரைக்கிறது. இருமல் வருகிறது. உதடு நீலம் பாய்கிறது. நெஞ்சில் காது வைத்தால் நீர் சலசலக்கிறது. நுரைத்த கோழை, சில வேளை குருதி கலந்து, வெளிவருகிறது. சிலர் விடிவதற்குள் இறந்துவிடுகின்றனர். 1891 ஆம் ஆண்டு மோன் பிளாங்கின் உச்சிக்கு அருகே வாலோ குடிலில் இறந்த இளம் மருத்துவர் ஜாகொத்தே இவ்வாறு இறந்தவர்தாம். கீழே இறங்குமாறு நண்பர்கள் வேண்டியும், உயரத்தின் விளைவைத் தம் உடலிலேயே ஆராய வேண்டும் என்று அங்கேயே தங்கினார். உடற்கூறு ஆய்வில் நுரையீரல்களில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. இத்தாலிய அறிஞர் ஆஞ்ஜெலோ மொஸ்ஸோ இந்நிகழ்வைத் தம் நூலில் விரிவாக எழுதினார். ஆனால் எழுதியவரும் படித்தவர்களும் காரணத்தை அறியவில்லை. சளிக்காய்ச்சல் என்றே பலர் நினைத்தனர்.

அடுத்தவர் தாமஸ் ரேவன்ஹில். வடக்குச் சிலியின் சுரங்கங்களில் மருத்துவராக இருந்த ஆங்கிலேயர். சுரங்கங்கள் 4,500 மீட்டருக்கும் மேலே இருந்தன. கடற்கரையிலிருந்து இருப்புப்பாதை அமைந்த பின், முன்பு கோவேறு கழுதையில் பல நாள் ஏறிய மலையைத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டே நாளில் ஏறி வந்தனர். வசதி வந்தது, நோயும் வந்தது. அந்நோயை அங்குள்ளோர் 'பூனா' என்றனர். நம் பூனா நகரத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. 1913 ஆம் ஆண்டு ரேவன்ஹில் எழுதிய கட்டுரையில் மூன்று வகைகளைப் பிரித்தார். முதலாவது இயல்பான பூனா. அடுத்தது நரம்புவகைப் பூனா. மூன்றாவதற்கு, நெஞ்சில் நீர் சலசலத்து மூச்சுத் திணறி இறப்பவர்களின் நோய்க்கு, அவர் வைத்த பெயர் இதயவகைப் பூனா.

அவர் கண்டது அனைத்தும் சரி. நோய்க்குறிகளை இன்று படிக்கும் மருத்துவரும் வியக்கும் அளவுக்குத் துல்லியமாக எழுதியிருக்கிறார். மூன்று வகையாகப் பிரித்ததும் சரியே. பெயர் மட்டும் பிழை. இதயம் பழுதுபட்டுத் தளர்ந்துபோனதால் நுரையீரலில் நீர் தேங்குகிறது என்று அவர் நினைத்தார். சமவெளியில் நுரையீரலில் நீர் தேங்கும் நோயாளிகளில் பலருக்கு அதுதான் காரணம். ஆகவே மலையிலும் அதுவே என்று கொண்டார். கண்ணால் கண்டதைச் சரியாக எழுதிவிட்டு, பெயரிடும்போது தவறுவது எவ்வளவு எளிது என்பதை என் தொலைபேசி உரையாடலை நினைக்கும்போது உணர்கிறேன். கட்டுரையும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் யாராலும் எடுத்துப் பார்க்கப்படாமல் கிடந்தது.

பெருவின் மருத்துவர்கள் இடைப்பட்ட காலத்தில் இந்நோயைக் கண்டு ஸ்பானிய மொழியில் எழுதியே வந்தனர். கடற்கரைக்குச் சென்று சில நாள் தங்கிவிட்டு மலைக்குத் திரும்பும் மலைவாழ் மக்களையே இது தாக்குவதையும் கவனித்தனர். ஆங்கிலத்தில் எழுதப்படாததால் உலகம் படிக்கவில்லை. தாய்மொழியில் எழுதுபவர்கள் அனைவரும் அறிந்த மனக்குறை இது.

1960 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவர் கே-2 மலைக்கு 1938, 1953 ஆகிய ஆண்டுகளில் குழுக்களை வழிநடத்தியவர். கொலராடோவின் மலைகளில் பனிச்சறுக்கிச் சென்ற ஓர் இளைஞர் மூச்சுத் திணறி விழ, அவரைக் கீழே கொண்டுவந்தனர். நுரையீரலில் நீர் இருந்தது. இதயத்தை ஆராய்ந்தார் ஹூஸ்டன். அதில் ஒரு குறையும் இல்லை. சில நாளில் இளைஞர் முற்றிலும் நலமடைந்தார். நோயுற்ற இதயம் சில நாளில் புத்தம்புதிதாக ஆகிவிடுமா? ஆகாது. அப்படியானால் நீரை வரவழைத்தது எது?

இதற்கு விடை பாதி அளவுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1946 ஆம் ஆண்டு சுவீடனில் ஃபோன் ஆய்லர், லில்யெஸ்ட்ராண்ட் என்னும் இருவர் பூனைகளின் நுரையீரலை ஆராய்ந்தபோது, உயிர்வளி குறைந்ததும் நுரையீரலின் குருதிக்குழாய்கள் சுருங்குவதைக் கண்டனர். உடலின் பிற பகுதிகளில் உயிர்வளி குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் தலைகீழ். இதன் பயனைப் புரிந்துகொள்ள வயலுக்குப் போகலாம். சளி அடைத்து நுரையீரலின் ஒரு மூலையில் காற்று வரவில்லை என்றால், அங்கே குருதியை அனுப்புவது வீண். ஆகவே அந்தப் பாத்தியின் மடை அடைக்கப்படுகிறது. நீர் விளையும் பாத்திக்குத் திரும்புகிறது. சமவெளியில் இது மிகச் சிறந்த ஏற்பாடு. மலையிலோ எல்லாப் பாத்திகளிலும் காற்று நெகிழ்ந்துவிட்டது. எல்லா மடைகளும் ஒரே வேளையில் அடைபடத் தொடங்குகின்றன.

இதயம் ஒன்று என்கிறோமே தவிர, அது ஒட்டிப் பிறந்த இரண்டு இறைப்பான்கள். வலப்பக்கம் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் உடல் முழுமைக்கும் அனுப்புகிறது. மடைகள் அடைபட்டால் இன்னலுக்கு உள்ளாவது வலப்பக்கம். இயல்பில் மெல்லிய சுவருடைய வலக் கீழறை, அடைபட்ட மடைகளுக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளுகிறது. மடைகள் எல்லாம் ஒரே சீராக அடைபடுவதுமில்லை. அரைகுறையாகத் திறந்திருக்கும் பாத்திகளுக்குள் நீர் வேகமாகப் புகுந்து வரப்பை உடைக்கிறது. நுண்குழாய்களின் சுவர் கசிந்து, காற்றறைகளுக்குள் நீர் இறங்குகிறது.

இது வெறும் ஊகமன்று. 1960-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஹல்ட்கிரன் என்னும் அமெரிக்க மருத்துவரும் பெருவின் மருத்துவர்களும் லா ஒரோயா நகரில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், இந்நோயாளிகளின் இதயத்திற்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தனர். நுரையீரல் தமனியில் அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. இதயத்தின் இடப்பக்கத்தைக் காட்டும் அழுத்தமோ இயல்பாகவே இருந்தது. இடப்பக்கம் தளர்ந்திருந்தால் அதுவும் உயர்ந்திருக்க வேண்டும். உயிர்வளி கொடுத்ததும் தமனியின் அழுத்தம் இறங்கியது. ரேவன்ஹில் வைத்த பெயர் அன்றே செல்லாததாயிற்று. பின்னர், 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவில் தன்னார்வலர் சிலரை அழுத்த அறைக்குள் நாற்பது நாள் வைத்து, படிப்படியாக எவரெஸ்டின் உயரம் வரை 'ஏற்றி' ஆராய்ந்தனர். அந்நிலையிலும் அவர்களுடைய இதயத் தசையின் சுருங்கும் ஆற்றல் குன்றவில்லை.

அறிவு பிறந்த அதே ஆண்டுகளில் ஒரு பெருந்துன்பமும் நிகழ்ந்தது. 1962 ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரின்போது சமவெளியிலிருந்த இந்திய வீரர்கள் விமானத்தில் ஏற்றப்பட்டு, ஓரிரு நாளில் 3,500 மீட்டருக்கும் மேலே இறக்கப்பட்டனர். இளமையும் உடற்பயிற்சியும் மிக்கவர்கள். குண்டு படாமலேயே பலர் மூச்சுத் திணறினர், சிலர் மாண்டனர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய தோழர்களும் இவர்களை ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டு ஒரு கட்டுரையும், 1,925 வீரர்களைக் குறித்து 1969 ஆம் ஆண்டு மற்றொரு கட்டுரையும் வெளியிட்டனர். உலகில் இத்துறையைக் கற்போர் இன்றும் அவற்றைப் படிக்கின்றனர். இந்திய இராணுவம் அதன்பின் ஒரு முறையை வகுத்துக்கொண்டது. 2,700 மீட்டரில் தொடங்கும் முதற்கட்டத்தில் ஆறு நாள், 3,600 மீட்டரைத் தாண்டினால் மேலும் நான்கு நாள், 4,500 மீட்டரைத் தாண்டினால் இன்னுமொரு நான்கு நாள் என்று உடலைப் பழக்கிய பின்பே கடமைக்கு அனுப்புவது. உடல் வலிமை மிக்கவருக்கும் இதில் விலக்கு இல்லை. எங்கள் காற்பந்து வீரன் முதலில் ஏறி முதலில் படுத்ததன் காரணமும் இதுதான். வலிமையுள்ளவன் விரைந்து ஏறுகிறான். அவனுடைய நுரையீரல் குழாய்களுக்கு அவன் முன்கள ஆட்டக்காரன் என்பது தெரியாது.

23 மே 1997 அன்று எவரெஸ்டின் உச்சியில் முதன்முதலாகக் கால் பதித்த மலேசியர்களான எம். மகேந்திரனையும் என். மோகனதாஸையும் நாம் பெருமையோடு வகுப்பில் குறிப்பிடுகிறோம். அவர்களும் வாரக்கணக்கில் ஏறி இறங்கி உடலைப் பழக்கியவர்கள்தாம் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. இதயம் குற்றமற்றது என்றேன். எல்லாருடைய இதயமும் நலமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆல்ப்ஸ் மலைகளில் நிகழ்ந்த இறப்புகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கைச் சேர்ந்த மார்ட்டின் புர்ட்ஷர். விழுந்து அடிபட்டு இறந்தவர்களை நீக்கிப் பார்த்தால், 34 வயதைத் தாண்டிய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது திடீர் மாரடைப்பு மரணம் என்று அவர் கண்டார். இங்கு நிலைமை வேறு. குருதிக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவர் பலருக்கு அது தெரியாது. நாற்காலியில் அமர்ந்து ஆண்டைக் கழித்துவிட்டு, ஒரு நாள் மலையேறுகிறார். உயரம் நாடியை விரட்டுகிறது, ஏற்றமும் விரட்டுகிறது, குருதி அழுத்தமும் கூடுகிறது. அடைபட்ட குழாய் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் போகிறது. இவ்விறப்புகள் பெரும்பாலும் முதல் நாளில் நிகழ்கின்றன. முந்தைய இரவை மலையில் உயரமான இடத்தில் கழித்தவர்களிடையே இந்த இடர் குறைவு என்பதையும் அவரும் தோழர்களும் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓர் இரவு உறக்கத்திற்கு இவ்வளவு பயனா என்று எனக்கு வியப்பாக இருந்தது. நாங்கள் அந்த இரவைக் கடற்கரையில் மீன் உண்டு கழித்தோம்.

கினபாலு மட்டுமன்று. நம்மவர்கள் முக்திநாத்துக்கும் கயிலைக்கும் யாத்திரை போகிறார்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலே. மானசரோவர் ஏரிக்கரையே 4,500 மீட்டருக்கும் மேலே. முன்னோர் நடந்து சென்ற இடங்களுக்கு இன்று விமானமும் ஹெலிகாப்டரும் பேருந்தும் கொண்டுசெல்கின்றன. சிலிச் சுரங்கத்தின் இருப்புப்பாதை செய்ததையே இவையும் செய்கின்றன. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குவதும் மலை மருத்துவர்கள் பரிந்துரைப்பவை. ஐம்பது அறுபது வயதில் புறப்படும் பெற்றோர், நாள் குறிக்குமுன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு இரைத்தால், நெஞ்சு வலித்தால், இருமல் நுரைத்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இறங்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து.

கினபாலுவில் பெரும்பாலோர் ஓரிரவே தங்கிவிட்டு இறங்குவதால், நுரையீரலில் நீர் கோக்கும் நிலை வருமுன் கீழே வந்துவிடுகிறார்கள். ஏற்றத்தின் வேகம் விதியை மீறியதாகவே இருந்தும், தங்கும் காலத்தின் குறுமை நம்மைக் காப்பாற்றுகிறது. அன்றிரவு அந்த மாணவனுக்கு நேர்ந்தது சாதாரண மலைநோய். நாடி 112 என்பது, அடைபடும் மடைகளுக்கும் நெகிழ்ந்த காற்றுக்கும் இடையில் ஒரு நல்ல இதயம் செய்த வேலை.

இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய அம்மா தேநீர் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார். சோசூரின் நாடியிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். "நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா" என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பந்து விளையாடியிருப்பான் சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் சொல்லக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

அவன் இப்போது வேலைக்குப் போகிறான். சென்ற விடுமுறையில் நண்பர்களோடு மறுபடியும் கினபாலுவுக்குப் புறப்பட்டான். இம்முறை குண்டாசாங்கில் இரண்டு இரவு தங்கி, பகலில் மேட்டில் நடந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் திம்போஹோன் வாயிலுக்குச் சென்றார்கள். பானாலாபானிலிருந்து இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "சார், 94" என்று மட்டும் இருந்தது. அம்மாவுக்கும் அனுப்பு என்று பதில் எழுதினேன். அனுப்பிவிட்டேன் என்றான்.